பிரிக்க முடியாத பங்கு

தாத்தா விட்டுப்போன வீட்டுக்காக அண்ணன் தம்பிகள் அடித்துக்கொண்டால் அந்தச் சண்டைக்கு ஒரு முடிவு உண்டு. பாகப்பிரிவினை வழக்கு போடுவார்கள், அட்வகேட் கமிஷனர் வந்து அளப்பார், நடுவே சுவர் எழும்பும். சுவர் எழுப்ப முடியாத வீடென்றால் ஏலத்தில் விற்றுப் பணத்தைப் பங்கிட்டுக்கொள்வார்கள். அதற்குப் பதினைந்து வருஷம் ஆகலாம், ஆனாலும் முடிந்துவிடும். அதே தாத்தா ஒரு கோயிலையோ சத்திரத்தையோ கட்டி, அதற்குக் கொஞ்சம் நஞ்சையும் இரண்டு கடைகளையும் எழுதிவைத்து, தன் வாரிசுகளே பரம்பரையாக நிர்வகித்து வரவேண்டும் என்று சாசனத்தில் ஒரு வரி சேர்த்திருந்தால், அந்தக் குடும்பத்துக்கு முடிவே இல்லாத ஒரு வழக்கையும் சேர்த்தே எழுதிவைத்திருக்கிறார் என்று கொள்ளலாம்.

அறக்கட்டளை நிர்வாகத்தைப் பற்றிய குடும்பச் சண்டைகளைப் பேராசையின் கதையாகச் சொல்லிவிடுவது வழக்கம். பேராசை இல்லாமலில்லை. ஆனால் மாதம் சில ஆயிரம் ரூபாய் வாடகை வரும் அறக்கட்டளைகளுக்காகவும் மூன்று தலைமுறை நீதிமன்றம் ஏறுகிறது. கோயில் வருமானத்தைவிட வக்கீல் கட்டணம் அதிகமாகிவிட்ட வழக்குகள் தமிழ்நாட்டில் அபூர்வமல்ல. காரணத்தைச் சட்டம் இந்தப் பதவியைக் கட்டியிருக்கும் விதத்தில் தேட வேண்டும். பரம்பரை நிர்வாகம் வாரிசுகளுக்கு இறங்கும், ஆனால் அதைத் துண்டு போட முடியாது, விற்கவும் முடியாது. ஒரு பங்காளி வெறுத்துப்போய் விலகினாலும் அவருடைய பிள்ளை நாளை வந்து நிற்பார். வெளியேறும் வாசல் எதுவும் இல்லாத ஒரு கூட்டுச் சொத்து இது.

இப்படியொரு விசித்திரம் உருவானதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி 1817-ஆம் ஆண்டின் ஏழாவது ரெகுலேஷன் வழியாகச் சென்னை மாகாணத்தின் கோயில், சத்திர மானியங்களை ரெவின்யூ போர்டின் மேற்பார்வையில் வைத்தது. கிறிஸ்தவ அரசு விக்கிரக ஆராதனைக்குக் காவல் நிற்பதா என்று மிஷனரிகள் எழுப்பிய எதிர்ப்பின் பின்னர், 1840-கள் தொடங்கி அரசு கையைக் கழுவிக்கொண்டது. 1863-ஆம் ஆண்டின் சமய அறக்கட்டளைச் சட்டம் அந்த விலகலுக்கு முத்திரை வைத்தது. அரசு நியமித்த நிர்வாகிகள் இருந்த கோயில்களுக்கு உள்ளூர்க் குழுக்கள் அமைந்தன, மற்றவை அந்தந்தத் தர்மகர்த்தாக்களிடமே விடப்பட்டன. பரம்பரைத் தர்மகர்த்தாவுக்கு மேலே நீதிமன்றத்தைத் தவிர வேறு யாரும் இல்லாத காலம் அது. சண்டை வந்தால் போக வேறு இடமும் இல்லை.

நீதிமன்றத்துக்கு வந்த சண்டையை நீதிபதிகள் தங்களுக்குத் தெரிந்த கருவிகளைக் கொண்டுதான் தீர்த்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த கருவி சொத்துரிமை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை போன ஞானசம்பந்த பண்டாரசந்நிதி – வேலு பண்டாரம் வழக்கு இதற்கு நல்ல சான்று. ஒரு கோயில் கட்டளையின் பரம்பரை நிர்வாகிகள் தங்கள் பதவியையும் அதைச் சேர்ந்த சொத்தையும் ஒரு மடத்தின் தலைவருக்கு விற்றுவிட்டார்கள். பின்னால் அவர்கள் வாரிசு வழக்குப் போட்டார். விற்பனை செல்லாது என்றது பிரிவி கவுன்சில், பரம்பரைப் பதவி விற்பனைச் சரக்கு அல்ல என்பதால். ஆனால் வழக்குப் போட வேண்டிய காலம் கடந்துவிட்டது, ஆகவே வாரிசுக்கு ஒன்றும் கிடைக்காது என்றும் சொல்லிவிட்டது. செல்லாத விற்பனை காலாவதியால் செல்லுபடியானது. ஒரு கடமைக்கு, நிலத்துக்குரிய காலவரம்பு விதியைப் பொருத்தினால் இப்படித்தான் முடியும்.

அதன் பின், பெரும்பாலும் வங்காள வழக்குகளில் வந்த தீர்ப்புகள் இந்தக் கோட்பாட்டை இறுக்கின. 1932-ல் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு மனோகர் முகர்ஜி வழக்கில், தெய்வத்தின் சொத்தை நிர்வகிக்கும் உரிமையே ஒரு சொத்துதான் என்று தீர்மானித்தது. 1951-ல் அங்கூர்பாலா மல்லிக் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. 1954-ல் சிரூர் மட வழக்கில் மடாதிபதியின் பதவியைப் பற்றிப் பேசும்போது, கடமையும் சொந்த நலனும் அதில் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன, ஒன்றை மற்றதிலிருந்து பிரித்தெடுக்க முடியாது என்றது. 1974-ல் காளி கிங்கர் கங்குலி வழக்கில், பணத்துக்கு இந்த உரிமையைக் கைமாற்றுவது கூடாது என்று உறுதி செய்தது. நான்கையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் சித்திரம் இதுதான்: பதவி உன் சொத்து, உன் பிள்ளைக்குப் போகும், ஆனால் உன்னால் அதைக் காசாக்க முடியாது. காசாக்க முடியாத சொத்தை வைத்திருப்பவருக்கு அதைப் பயன்படுத்த இருக்கும் ஒரே வழி, அதை இன்னொருவர் பயன்படுத்தாமல் தடுப்பதுதான்.

தலைமுறைக் கணக்கையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நிறுவியவருக்கு இரண்டு மகன்கள், ஒவ்வொருவருக்கும் இரண்டு மகன்கள் என்று வைத்துக்கொண்டால் நான்காம் தலைமுறையில் எட்டுப் பேர், ஐந்தாவதில் பதினாறு பேர். எல்லோரும் ஒரே நேரத்தில் நிர்வகிக்க முடியாது என்பதால் 'முறை' வைத்துக்கொண்டார்கள். இந்த வருஷம் மூத்த கிளை, அடுத்த வருஷம் இளைய கிளை. கிளைக்குள் மறுபடி உள்முறை. ராமநாதன் செட்டி – முருகப்பச் செட்டி வழக்கில் 1906-ல் பிரிவி கவுன்சில் இத்தகைய முறை ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டது. ஒரு குடும்பத்திடம் பரம்பரையாக உள்ள கோயில் நிர்வாகத்தை அதன் உறுப்பினர்கள் மாற்றி மாற்றிப் பார்த்துவருவது கட்டுப்படுத்தும் வழக்கம்தான் என்றது.

ஏட்டில் இது நியாயமான தீர்வு. நடைமுறையில் கணக்கை அழிக்க இதைவிட நல்ல உபாயம் இல்லை. பதினாறு வருஷத்துக்கு ஒருமுறை முறை வரும் ஒருவர் அந்த ஒரு வருஷத்தில் கோபுரத்துக்குச் சாரம் கட்டுவாரா, குத்தகை பாக்கிக்கு வழக்குப் போடுவாரா? போட்டாலும் அதன் பலன் அடுத்த முறைக்காரர் காலத்தில்தான் வரும். செலவு இவர் முறையில், வரவு அவர் முறையில். ஆகவே முறைக்காரர் திருவிழாவை ஜோராக நடத்துவார், பத்திரிகையில் தன் பெயரைப் பெரிதாகப் போடுவார், பரிவட்டம் கட்டிக்கொள்வார், சாவியை அடுத்தவரிடம் கொடுப்பார். ஓடு ஒழுகுவது அடுத்தவர் தலைவலி. வாடகை வீட்டுக்கு யாரும் தளம் போடுவதில்லை.

கல்கத்தாவின் காளிகாட் காளி கோயிலில் ஹல்தார் குடும்பங்களின் 'பாலா' எனப்படும் முறைகள், குறிப்பிட்ட குடும்ப வட்டத்துக்குள் கைமாறுவதையே வழக்கமென்று 1914-ஐ ஒட்டிக் கல்கத்தா உயர் நீதிமன்றம் அங்கீகரித்தது. அங்கே முறை கிட்டத்தட்டச் சந்தைச் சரக்காகிவிட்டது. முறை ஏற்பாட்டின் தர்க்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இன்னும் நன்றாகக் காட்டுவது மல்லிக் குடும்பத்தின் வழக்கு. கல்கத்தாவின் செல்வந்தரான மோதிலால் மல்லிக்கின் வழித்தோன்றல்கள் குலதெய்வமான ராதா சியாமசுந்தரரை முறை வைத்துப் பூஜித்துவந்தார்கள். தன் முறை வரும்போது தெய்வத்தைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போகலாமா என்பதே சண்டை. ஒரு கிளை போகலாம் என்றது, இன்னொரு கிளை கூடாது என்றது. 1925-ல் பிரிவி கவுன்சில் கேட்ட கேள்வி இரு தரப்பும் எதிர்பாராதது. இதில் தெய்வத்தின் தரப்பைச் சொல்ல யார் வந்திருக்கிறார்கள்? தெய்வம் சட்டத்தின் பார்வையில் ஒரு நபர், அதை மேஜை நாற்காலி போல நகர்த்த முடியாது, அதன் விருப்பம் மதிக்கப்பட வேண்டும் என்று சொல்லி, வழக்கில் எந்த லாபமும் இல்லாத ஒருவரைத் தெய்வத்தின் சார்பில் நியமிக்கும்படி வழக்கைத் திருப்பி அனுப்பியது. குடும்பத்துப் பெண்களையும் கேட்க வேண்டும், வழிபாட்டுக்கு ஒரு திட்டம் வகுக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொன்னது.

தெய்வம் சட்டப்படி ஒரு நபர் என்று பிற்காலத்தில் எத்தனையோ வழக்குகளில் மேற்கோள் காட்டப்பட்ட அந்தத் தீர்ப்பு, பங்காளிச் சண்டை ஒன்றில் பிறந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதன் முக்கியத்துவம் தத்துவத்தில் இருப்பதைவிட நடைமுறையில்தான் அதிகம் என்பது என் எண்ணம். குடும்பத்தில் இரண்டு தரப்பு வக்கீல்கள் மணிக்கணக்காக வாதிட்டாலும் அறக்கட்டளையின் நலனைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசாமல் போகலாம் என்பதை அது கண்டுகொண்டது. இன்றும் நம் நீதிமன்றங்களில் நடக்கும் அறக்கட்டளை வழக்குகளில் பெரும்பாலானவற்றில் நடப்பது அதுதான்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். இங்கே பரம்பரை என்ற அந்தஸ்துக்குத் தனி விலை உண்டானது 1920-களில். இந்து அறநிலைய வாரியம் அமைந்து, 1927-ஆம் ஆண்டின் இரண்டாம் சட்டம் வந்தபோது, பரம்பரைத் தர்மகர்த்தா உள்ள கோயில்களுக்கு 'விலக்கு பெற்ற கோயில்' என்ற தனி வகை கொடுக்கப்பட்டது. அங்கே வாரியத்தின் கை அவ்வளவாக நீளாது. பரம்பரை என்று நிரூபித்துவிட்டால் குடும்பம் தப்பியது. 1951, 1959 சட்டங்களில் அந்த வகை போய்விட்டாலும் பரம்பரை அறங்காவலர் என்ற நிலை நிலைத்தது. 1959 சட்டத்தின் வரையறைப்படி, பதவி வாரிசு உரிமையாலோ, வழக்கத்தாலோ, நிறுவியவர் குறிப்பிட்டுச் சொன்ன ஏற்பாட்டாலோ இறங்கினால் அவர் பரம்பரை அறங்காவலர்.

இதில் வழக்கம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஏறப்பார்த்தவர்களும் உண்டு. நாகப்பட்டினத்தை அடுத்த மஞ்சக்கொல்லை குமரன் கோயில் பற்றிய சம்புதமூர்த்தி முதலியார் வழக்கில், சமூகத்தார் தேர்ந்தெடுத்த அறங்காவலர், தேர்ந்தெடுப்பதே வழக்கம் என்பதால் தானும் பரம்பரை அறங்காவலரே என்று வாதிட்டார். தேர்தலால் வருவது பரம்பரை ஆகாது என்று 1970-ல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது.

பங்காளிச் சண்டை 1959 சட்டத்துக்குள் நுழையும் கணம் பெரும்பாலும் ஒரு மரணம். 54-ஆம் பிரிவின்படி, பரம்பரை அறங்காவலர் பதவி காலியானால் வரிசையில் அடுத்தவர் பதவிக்கு உரியவர். அடுத்தவர் யார் என்பதில் தகராறு இருந்தாலோ, அவர் மைனராக இருந்தாலோ, அறநிலையத் துறை அதிகாரி 'தக்கார்' என்ற தற்காலிகப் பொறுப்பாளரை நியமிக்கலாம். தக்கார் பெரும்பாலும் அருகில் உள்ள கோயிலின் செயல் அலுவலர்தான். அவருக்கு ஏற்கெனவே பத்துக் கோயில்கள் இருக்கும். நியமிக்கும்போது குடும்பத்தாரின் உரிமைகளைக் கவனத்தில் கொள்ள வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் எந்தக் கிளையை நியமித்தாலும் மற்றக் கிளை ரிட் போடும் என்று தெரிந்த அதிகாரி ஏன் வம்பில் மாட்டிக்கொள்ள வேண்டும்? தற்காலிகம் என்று வந்த தக்கார் பல ஆண்டுகள் நீடிப்பது இப்படித்தான்.

அதிகாரிகள் கோயிலைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று இந்தக் குடும்பங்கள் பின்னால் குறைப்படும். துறையின் நிர்வாகத்தைக் குறைசொல்ல இடம் உண்டு, நிறையவே உண்டு. ஆயினும் பல கோயில்களில் துறைக்குக் கதவைத் திறந்துவிட்டது ஒரு பங்காளி கொடுத்த புகார் மனுதான்.

அந்தப் புகார் மனுக்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு தற்கொலை வாதத்தைச் சொல்லியாக வேண்டும். ஒரு கிளை 63-ஆம் பிரிவின் கீழ் தான் பரம்பரை அறங்காவலர் என்று அறிவிக்கக் கேட்டு இணை ஆணையரிடம் போகும். அதைத் தோற்கடிக்க மற்றக் கிளை, இது குடும்பக் கோயிலே இல்லை, ஊர்ப் பொதுக்கோயில், யாருக்கும் பரம்பரை உரிமை கிடையாது என்று பதில் மனு போடும். எதிராளியின் உரிமையை வெட்டப்போன கத்தி தன் உரிமையையும் சேர்த்தே வெட்டும் என்பது கோபத்தில் தெரிவதில்லை. இணை ஆணையரின் உத்தரவு, ஆணையரிடம் மேல்முறையீடு, சிவில் நீதிமன்றத்தில் வழக்கு, உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு, அதற்கும் மேல் உச்ச நீதிமன்றம். இந்த ஐந்து படிகளிலும் பதில் மனுவில் சொன்ன அந்த வாக்குமூலம் கூடவே வரும்.

குடும்பத்துக்குத்தான் சொந்தம் என்ற வாதம் எவ்வளவு பலவீனமானது என்பதை 1956-ன் தேவகி நந்தன் வழக்கு காட்டுகிறது. உத்தரப்பிரதேசத்தின் சீதாபூர் மாவட்டத்தில் பிள்ளையில்லாத சிவ குலாம் என்பவர் 1914-ல் ஒரு ராதாகிருஷ்ணர் கோயிலைக் கட்டினார், பின்பு தன் நிலங்களை உயில் மூலம் அதற்கு எழுதிவைத்தார். அவர் காலத்துக்குப் பின் நிர்வாகம் உறவினரிடம் வந்தது, அவர் இதைத் தனியார் கோயில் என்றார். தெய்வத்துக்குத் தேவை என்று ஒன்றும் இல்லை, அறக்கட்டளையால் உண்மையில் பயன்பெறுபவர்கள் வழிபட வருபவர்கள்தான், அவர்கள் ஊர்ப் பொதுமக்கள் என்றால் கோயிலும் பொதுக்கோயில்தான் என்றது உச்ச நீதிமன்றம். தீர்ப்பை எழுதியவர் டி. எல். வெங்கடராம ஐயர். முத்துசுவாமி தீட்சிதர் கிருதிகளில் தோய்ந்தவர், சங்கீத கலாநிதி. கோயிலுக்கு யார் போகிறார்கள், ஏன் போகிறார்கள் என்பதைச் சட்டப் புத்தகத்துக்கு வெளியிலும் அறிந்த நீதிபதி என்பதால்தானோ என்னவோ, அந்தத் தீர்ப்பு இன்றும் தெளிவாக நிற்கிறது.

பெண்கள் விஷயத்துக்கு வந்தால், சட்டம் குடும்பங்களைவிட வெகு முன்னால் நிற்கிறது. அங்கூர்பாலா வழக்கின் சாரமே, 1937-ஆம் ஆண்டுச் சட்டம் விதவைக்குக் கணவர் சொத்தில் கொடுத்த உரிமை நிர்வாகப் பதவிக்கும் பொருந்தும் என்பதுதான். 1955-ல் ராஜ்காளி குவேர் வழக்கில், பூஜை செய்யும் பரம்பரைப் பதவிக்கே பெண் வாரிசாகலாம், பூஜையைத் தகுந்த ஒருவரை வைத்து நடத்திக்கொள்ளலாம் என்றது உச்ச நீதிமன்றம். பூசாரிப் பதவிக்கே தடையில்லை என்றால் கணக்குப் பார்க்கும் அறங்காவலர் பதவிக்குத் தடை எங்கிருந்து வரும்? 1989-ல் தமிழ்நாட்டிலும் 2005-ல் நாடு முழுவதும் மகள்களுக்குக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை வந்தபின், கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போனவளுக்குக் கோயிலில் என்ன வேலை என்ற கேள்வி மனுக்களில் எழுதக் கூச்சப்படும் கேள்வியாகிவிட்டது. பேச்சில் மட்டும் அது நிற்கவில்லை. சாசனத்தில் மூத்த ஆண் வாரிசு என்று எழுதியிருக்கிறதே என்பார்கள். எழுதியவர் விருப்பத்துக்கும் எல்லை இருக்கிறது. இந்துச் சட்டம் அறியாத புதிய வாரிசு வரிசையை ஒருவர் பிறக்காத தலைமுறைகளுக்காக உண்டாக்கிவைக்க முடியாது என்பது 1872-ன் தாகூர் வழக்கு விதி. அது பரம்பரைப் பதவிக்கும் பொருந்தும் என்று பிரிவி கவுன்சில் மேலே சொன்ன பண்டாரசந்நிதி வழக்கிலேயே கூறிவிட்டது.

கோயில் சாராத அறக்கட்டளைகள், அதாவது சத்திரம், பள்ளிக்கூடம், கல்வி உதவி, மருத்துவமனை போன்றவை வேறு பாதையில் போகின்றன. மகாராஷ்டிரமும் குஜராத்தும் 1950-ன் பம்பாய் பொது அறக்கட்டளைச் சட்டத்தின் வழியில் அற ஆணையர் என்ற அதிகாரியை வைத்திருக்கின்றன. தமிழ்நாட்டில் அப்படியொரு பொதுச் சட்டம் இல்லை. 1882-ன் இந்திய அறக்கட்டளைச் சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்கு மட்டும்தான். ஆகவே சண்டை வந்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு. அக்கறையுள்ள இருவரோ அதற்கு மேற்பட்டோரோ நீதிமன்ற அனுமதி பெற்று வழக்குப் போட்டு, அறங்காவலரை நீக்கவும் கணக்குக் கேட்கவும் 'ஸ்கீம்' எனப்படும் நிர்வாகத் திட்டத்தை வகுக்கவும் கோரலாம்.

ஸ்கீம் என்ற சொல்லைக் கேட்டாலே குடும்பங்கள் நடுங்குகின்றன. ஆனால் சென்னை நகரத்தின் மிகப் பெரிய கல்வி அறக்கட்டளைகளுள் ஒன்று அதன் பிள்ளைதான். துபாஷியாக இருந்து பெரும் பணம் ஈட்டிய பச்சையப்ப முதலியார் 1794-ல் நாற்பது வயதில் இறந்தார். கோயில் தருமங்களுக்குத் தன் செல்வத்தை ஒதுக்கி உயில் எழுதியிருந்தார். அதன் பின் நடந்தது நமக்குப் பழக்கமான கதை. உறவினர்களும் உயிலை நிறைவேற்ற வேண்டியவர்களும் வழக்கில் இறங்க, தருமம் பல பத்தாண்டுகள் நடக்காமல் கிடந்தது. கடைசியில் அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் தலையிட, நீதிமன்றம் பணத்தைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்து, இந்துக்கள் அடங்கிய ஓர் அறங்காவலர் குழுவிடம் ஒப்படைத்தது. வழக்கு நடந்த காலமெல்லாம் வட்டி ஏறியிருந்தது. கோயில் தருமங்களுக்குப் போக மிஞ்சிய பணத்தில் கல்வி என்ற புதிய நோக்கம் நுழைந்தது. 1842-ல் பச்சையப்பன் பள்ளி பிராட்வேயில் திறந்தது, பின்னால் கல்லூரியானது. குடும்பம் சண்டையில்லாமல் உயிலை நிறைவேற்றியிருந்தால் தமிழ்நாட்டுக்கு அந்தக் கல்லூரி கிடைத்திருக்காது. இதைச் சண்டைக்கு ஆதரவான வாதமாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பங்காளிகள் கை வைக்க முடியாதபடி பணம் நீதிமன்றத்தில் பூட்டிக் கிடந்ததால் மிஞ்சியது, அவ்வளவுதான். இன்று அறக்கட்டளைச் சொத்து பெரும்பாலும் நிலமும் கடையும். வழக்கு நடக்கும்போது அவை வளர்வதில்லை, ஆக்கிரமிக்கப்படுகின்றன. வாடகை கேட்டுப் போனால், எல்லா அறங்காவலர்களும் சேர்ந்து கையெழுத்திட்டு வாருங்கள் என்கிறார் கடைக்காரர். சாசனம் வேறுவிதமாகச் சொல்லாதவரை அறங்காவலர்கள் கூடித்தான் செயல்பட வேண்டும் என்ற சட்ட விதி அவருக்குப் பங்காளிகளைவிட நன்றாகத் தெரியும்.

பரம்பரையை ஒழித்துவிட்டால் தீருமா? ஆந்திரம் ஒழித்துப் பார்த்தது. நீதிபதி சல்லா கொண்டையா ஆணையத்தின் அறிக்கைக்குப் பின் வந்த 1987-ஆம் ஆண்டின் சட்டம் பரம்பரை அறங்காவலர் உரிமையை ஒரே வரியில் நீக்கியது. பன்னாலால் பன்சிலால் பிட்டி வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. ஆனால் நிறுவிய குடும்பத்தை முழுக்க வெளியே தள்ளினால் இனி யார் சொத்தைத் தருமத்துக்கு எழுதிவைப்பார்கள் என்ற கவலை அந்தத் தீர்ப்பிலேயே தெரிகிறது. அறங்காவலர் குழுவின் தலைமையில் நிறுவியவரோ அவர் குடும்பத்தினரோ இருக்கும்படி சட்டத்தைப் பொருள்கொண்டது நீதிமன்றம். தமிழ்நாடு அர்ச்சகர் பதவியின் பரம்பரையை 1971-லேயே சட்டத்தால் நீக்கியது, மறு ஆண்டே சேஷம்மாள் வழக்கில் அது நிலைநின்றது. அறங்காவலரின் பரம்பரையை மட்டும் இன்றுவரை தொடவில்லை. பூஜை செய்பவரின் பரம்பரை போக, பணப்பெட்டி வைத்திருப்பவரின் பரம்பரை இருப்பதன் நியாயத்தை யாரும் இதுவரை திருப்தியாக விளக்கியதாக எனக்குத் தெரியவில்லை.

ஆயினும் ஒழிப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். தன் பாட்டன் கட்டிய கோயில் என்ற பற்று ஒன்றுதான் பல சிறு கோயில்களில் இன்றும் விளக்கெரிய வைக்கிறது, துறையால் அந்தப் பற்றை நியமன உத்தரவில் சேர்த்து அனுப்ப முடியாது. பிரித்தெடுக்க வேண்டியது பற்றிலிருந்து பணத்தை. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில் வழக்கு இதற்கு வழி காட்டுகிறது. திருவிதாங்கூரின் கடைசி மன்னர் சித்திரைத் திருநாள் 1991-ல் இறந்ததோடு அரச குடும்பத்தின் நிர்வாக உரிமை முடிந்தது என்று கேரள உயர் நீதிமன்றம் 2011-ல் சொன்னது. 2020 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, உரிமை குடும்ப வழக்கப்படி தொடர்கிறது என்றது. அதே தீர்ப்பில், குடும்பமே முன்வைத்த யோசனையை ஏற்று, நிர்வாகத்தை மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் கொடுத்தது. மரியாதை குடும்பத்துக்கு, கணக்கு குழுவுக்கு. உலகமே எட்டிப்பார்த்த பெட்டகங்கள் உள்ள கோயிலுக்குச் செய்ய முடிந்ததை நான்கு ஏக்கர் நஞ்சை உள்ள கட்டளைக்குச் செய்ய முடியாதா? பரிவட்டத்தை முறை வைத்துக் கட்டிக்கொள்ளட்டும். குத்தகை, வங்கிக் கணக்கு, தணிக்கை மூன்றும் முறைக்கு அப்பாற்பட்டு, குடும்பத்தில் சேராத ஒருவராவது உள்ள நிரந்தரக் குழுவிடம் இருக்கட்டும்.

புதிதாக அறக்கட்டளை எழுதுபவர்கள் தகராறு வந்தால் மத்தியஸ்தம் என்று ஒரு பிரிவைச் சேர்த்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். 2016 ஆகஸ்டில் விமல் கிஷோர் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த நிம்மதியைக் கலைத்துவிட்டது. அதுவும் ஒரு மும்பைக் குடும்பத்தின் அறக்கட்டளைச் சண்டைதான். அறக்கட்டளைச் சாசனம் இரு தரப்பு ஒப்பந்தம் அல்ல, அதிலுள்ள மத்தியஸ்தப் பிரிவு அறங்காவலர்களையும் பயனாளிகளையும் கட்டுப்படுத்தாது, நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்பது தீர்ப்பு. ஆகவே முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டியது சண்டையைத் தீர்க்கும் முறையைக் காட்டிலும் அறங்காவலர் எண்ணிக்கைக்கு உச்ச வரம்பு, பெரும்பான்மை முடிவு செல்லும் என்ற வரி, ஆண்டுக் கணக்கை எல்லாக் கிளைகளுக்கும் அனுப்ப வேண்டும் என்ற கட்டாயம் ஆகியவற்றை.

ஏற்கெனவே பரம்பரை அறக்கட்டளை உள்ள குடும்பங்கள் இன்றே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. அறநிலையத் துறைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு ஒவ்வொரு சமய நிறுவனமும் சொத்துப் பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்கிறது. கோயிலின் வரலாறு, முன்பு இருந்த, இப்போது இருக்கும் அறங்காவலர் பெயர்கள், பதவி எந்த வழக்கப்படி இறங்குகிறது என்ற விவரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். பழைய மானியமானால் 1858-ல் அமைந்த இனாம் கமிஷன் தயாரித்த பதிவேட்டில் ஒரு வரியாவது இருக்கும். பதிவான நிலச் சாசனத்தின் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் யாரும் மனுப் போட்டு வாங்கலாம். இப்போது பதவியில் இருக்கும் பெரியவர் உயிரோடு இருக்கையிலேயே மூன்றின் நகலையும் எடுத்து, எல்லாக் கிளைகளும் ஒன்றாக உட்கார்ந்து படித்து, வரிசையை எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். அவர் போனபின் அதே காகிதங்களைத் தேடிக்கொண்டு ஆளுக்கொரு வக்கீலிடம் ஓட வேண்டியிருக்கும்.